மைனஸ் நாற்பதில் என்ன பேசுவது?

ஒரு தம்பி கேட்டிருந்தார்: "எட்மண்டனில் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் பி.எச்.டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் குளிரையும் அரசியலையும் ஐஸ் ஹாக்கியையும்தான் பேசுவார்களாம். மூன்றும் எனக்குத் தெரியாது. வருஷக்கணக்கில் ஊமை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?"

நான் 2021 ஆகஸ்டில் வந்தேன். முதல் வருஷம் ஊமைதான். வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும், ஒரு நாள் காலை ஆய்வுக்கூடத்தில் மயான அமைதி. பக்கத்து மேசைக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "கடைசி நிமிஷத்தில் போய்விட்டது" என்றார். ஆராய்ச்சி நிதி விண்ணப்பம்தான் நிராகரிக்கப்பட்டுவிட்டது, அடுத்த மாதம் சம்பளம் வருமா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. மத்தியானம்தான் தெரிந்தது, போனது முந்தின ராத்திரி ஹாக்கி மேட்ச்.

இந்த ஊரில் குளிர், படிப்பு, அரசியல், ஹாக்கி நான்கையும் தனித்தனியாகப் படிக்க முடியாது. ஒன்றின் வாலைப் பிடித்தால் மற்றது வரும். அதனால் நான்கையும் கலந்தே சொல்கிறேன்.

குளிரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் முதல் மாதப் பணம் அதில்தான் போகும். எட்மண்டன் வடக்கு அட்சரேகை 53.5-இல் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் பகல் ஏழரை மணி நேரம்தான். காலை எட்டே முக்காலுக்கு மேல் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு நாலேகாலுக்கு மூட்டை கட்டிவிடும். ஜன்னல் இல்லாத கூடத்தில் வேலை செய்தால் வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்காமலே இருந்துவிடலாம். நான் இருந்திருக்கிறேன், மனசுக்கு நல்லதில்லை. மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பத்து நிமிஷம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். ஜூனில் கதை தலைகீழ். பதினேழு மணி நேரப் பகல், ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம்.

மைனஸ் 15 வரைக்கும் பழகிவிடும், நம்புங்கள். காற்று காய்ந்து கிடப்பதால் ஈரக்குளிர் மாதிரி எலும்பில் இறங்காது. மைனஸ் 25-க்குக் கீழே போனால்தான் உடம்பு வேறு மொழியில் பேசும். மூச்சை இழுத்ததும் மூக்கு முடி உறைந்து குத்தும், கண்ணிமை ஒட்டும். மைனஸ் 40 வந்தால் செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டியதில்லை, இரண்டும் அங்கே ஒன்றுதான். வானிலை அறிக்கையில் காற்றோடு சேர்த்த ஒரு குளிர்க் குறியீட்டையும் சொல்வார்கள், அதைத்தான் பார்க்க வேண்டும். அது மைனஸ் 28-ஐத் தொட்டால் மூடாத தோல் பத்திலிருந்து முப்பது நிமிஷத்தில் உறையக்கூடும். மைனஸ் 40-ஐத் தொட்டால் ஐந்திலிருந்து பத்து நிமிஷம் போதும். பஸ் வரப் பத்து நிமிஷம் ஆகும் என்றால் இந்தக் கணக்கு சும்மா புள்ளிவிவரம் இல்லை. முதல் டிசம்பரில் தலையை மட்டும் மூடிக்கொண்டு காதை விட்டுவிட்டேன். காது நுனி வெளுத்து, பிறகு சிவந்து, ஒரு வாரம் தோல் உரிந்தது.

சென்னையில் ஜாக்கெட் வாங்காதீர்கள். அங்கே 'ஸ்னோ ஜாக்கெட்' என்று விற்பது இங்கே அக்டோபருக்குத்தான் தாங்கும். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்ததும் உறைய வைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை நல்லது. விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறைதான் சூடு. காதை மூடும் கம்பளித் தொப்பிக்கு இங்கே 'டூக்' என்று பெயர். அந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டாலே பாதி கனடியர் ஆகிவிட்டீர்கள். கார்களின் முன்பக்கத்தில் மின்சார பிளக் ஒன்று தொங்குவதைப் பார்த்து எல்லாமே மின்சாரக் கார் என்று நினைத்துவிடாதீர்கள் (நான் நினைத்தேன்). ராத்திரி எஞ்சினைச் சூடாக வைக்கிற ஹீட்டரின் வயர் அது.

2024 ஜனவரி 13, சனிக்கிழமை மாலை. மைனஸ் நாற்பதை ஒட்டிய குளிர். திடீரென்று மாகாணத்தில் எல்லோர் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறியது: மின்சாரம் பற்றாக்குறை, தேவையில்லாத விளக்குகளை அணையுங்கள், அடுப்பை ஒத்திப்போடுங்கள், இல்லாவிட்டால் சுழற்சி முறையில் மின்வெட்டு வரலாம். நான் பவர்கட்டில் வளர்ந்தவன், எனக்கு அது பழைய சிநேகிதன் வந்த மாதிரி. ஆனால் அந்தக் குளிரில் ஹீட்டர் நின்றால் என்ன ஆகும் என்று என் அறைத்தோழர் விளக்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது. சில நிமிஷங்களில் 200 மெகாவாட் தேவை குறைந்தது, மின்வெட்டும் வரவில்லை. அடுத்த நாளே அது அரசியல் ஆனது. மத்திய அரசின் பசுமை மின்சார விதிகள்தான் ஆபத்து என்றது மாகாண அரசு. உங்கள் மின்சாரச் சந்தையை நீங்கள் நடத்தும் லட்சணம் என்றது எதிர்க்கட்சி. பக்கத்து மாகாணமான சஸ்காட்செவனிலிருந்து 153 மெகாவாட் வந்தது. அந்த முதல்வர் ஸ்காட் மோ, இது நிலக்கரியிலும் எரிவாயுவிலும் எடுத்த மின்சாரம் என்று ஒரு குத்தும் வைத்தார். ஒரு குளிர் ராத்திரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நீங்கள் எரிசக்திக் கொள்கையில் நிற்பீர்கள்.

கோடையிலும் நிம்மதியாக இருக்க முடியாது, காட்டுத்தீப் புகை வரும். 2016-இல் ஃபோர்ட் மெக்முரே நகரத்தையே காலி செய்தார்கள், எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 2024 ஜூலையில் ஜாஸ்பர் ஊரில் மூன்றில் ஒரு பங்கு கட்டடங்கள் எரிந்தன. ஆரஞ்சு நிற மத்தியானம் ஒன்றையாவது பார்ப்பீர்கள்.

இனி உங்கள் பல்கலைக்கழகம். அது நிற்கும் இடமே ஓர் அரசியல் முடிவு. 1905-இல் ஆல்பெர்ட்டா மாகாணம் ஆனது. தலைநகரம் எட்மண்டனுக்குப் போனதால் பல்கலைக்கழகமாவது தனக்கு வரும் என்று கால்கரி காத்திருந்தது. முதல் முதல்வர் அலெக்சாண்டர் ரூதர்ஃபோர்டு அதை ஆற்றுக்குத் தென்கரையில் ஸ்ட்ராத்கோனாவில் வைத்தார். ஸ்ட்ராத்கோனா அவருடைய சொந்தத் தொகுதி! 1908-இல் வகுப்புகள் தொடங்கின. கால்கரிக்குத் தன்னாட்சியுள்ள பல்கலைக்கழகம் 1966-இல்தான் கிடைத்தது. நீங்கள் உட்காரப்போகும் நூலகத்துக்கு ரூதர்ஃபோர்டு பெயர். இரண்டு ஊர்களுக்கும் இடையே இன்றும் இருக்கிற உரசல், ஹாக்கியில் எட்மண்டன் ஆயிலர்ஸும் கால்கரி ஃபிளேம்ஸும் மோதும் நாளில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

படிப்பைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் உண்மையில் கேட்பது பணத்தைப் பற்றித்தான். 2019-க்குப் பிறகு சில ஆண்டுகளில் மாகாண அரசு இந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தந்த மானியத்தில் 20 கோடி டாலருக்கும் மேல் வெட்டியது. துறைகளைப் பெரிய கல்லூரிகளாக ஒட்டவைத்தார்கள், அலுவலக ஆட்களைக் குறைத்தார்கள். ஒரு படிவத்துக்குப் பதில் வர மூன்று வாரம் ஆனால் அங்கே யாரும் சோம்பேறி இல்லை, முன்பு நான்கு பேர் பார்த்த வேலையை ஒருவர் பார்க்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசின் ஆராய்ச்சி உதவித்தொகை முதுநிலைக்கு ஆண்டுக்கு 17,500 டாலரில் சுமார் இருபது ஆண்டுகள் அசையாமல் நின்றது. விலைவாசி நிற்குமா? 2023 மே 1 அன்று நாடு முழுக்க மாணவர்களும் ஆய்வாளர்களும் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். 2024 பட்ஜெட்டில் அது முதுநிலைக்கு 27,000, முனைவர் பட்டத்துக்கு 40,000 என்று உயர்ந்தது. இது போட்டியில் ஜெயிப்பவர்களுக்கான தொகை. உங்களுக்கு வருவது பெரும்பாலும் பேராசிரியரின் நிதியும் பாடம் நடத்தும் உதவியாளர் சம்பளமும் கலந்ததாக இருக்கும். சேர்க்கைக் கடிதத்தில் எத்தனை ஆண்டுக்கு உத்தரவாதம், கல்விக்கட்டணம் கழித்தா கழிக்காமலா என்ற இரண்டையும் கூச்சப்படாமல் எழுதிக் கேளுங்கள். நான் கூச்சப்பட்டேன், இரண்டாம் வருஷம் அனுபவித்தேன்.

விசாவிலும் அரசியல்தான். வீட்டு வாடகை ஏறியதும் வெளிநாட்டு மாணவர்கள்தான் காரணம் என்ற பேச்சு கிளம்பியது. 2024 ஜனவரியில் கையிருப்புக் காட்ட வேண்டிய தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635-ஆக உயர்த்தினார்கள். அதே மாதம் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வந்தது. முதலில் முதுநிலை, முனைவர் மாணவர்களை விட்டுவைத்தார்கள், 2025-இல் அவர்களையும் சேர்த்தார்கள், 2026 தொடக்கத்திலிருந்து அரசுப் பல்கலைக்கழகங்களில் சேரும் முதுநிலை, முனைவர் மாணவர்களுக்கு மீண்டும் விலக்கு. விதி இப்படி வருஷத்துக்கு வருஷம் திரும்பும், ஆகவே போன வருஷம் வந்த அண்ணனிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குடிவரவுத் துறையின் பக்கத்தை நீங்களே படியுங்கள்.

சரி, ஹாக்கி. எனக்கு ஊர் கோவில்பட்டி. லட்சுமி அம்மாள் கோப்பை ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன். "எனக்கு ஹாக்கி நன்றாகத் தெரியும்" என்று வந்த வாரமே பெருமையாகச் சொல்லிவிட்டு, பிறகு விழித்தேன். இங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கி மட்டும்தான். நம் ஹாக்கிக்கு 'ஃபீல்ட்' என்று அடைமொழி போட வேண்டும். கோல்கீப்பரோடு ஒரு பக்கம் ஆறு பேர், இருபது நிமிஷமாக மூன்று கட்டம். பந்துக்குப் பதில் ஓர் அங்குல கனமும் மூன்று அங்குல அகலமும் உள்ள ரப்பர் வட்டு, பெயர் பக். ஆட்டம் ஓடும்போதே முக்கால் நிமிஷத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அதற்கு மேல் அந்த வேகத்தில் யாராலும் சறுக்க முடியாது. முதல் மாதம் பக் எங்கே என்றே தெரியாது. பக்கைத் தேடாதீர்கள், ஆட்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பாருங்கள், பக் தானாகத் தெரியும்.

அணியின் பெயரே அரசியல் பாடம். 1947-இல் எட்மண்டனுக்குத் தெற்கே லெடூக்கில் எண்ணெய் கிடைத்தது, மாகாணத்தின் தலையெழுத்து மாறியது. அதனால்தான் அணிக்கு ஆயிலர்ஸ், எண்ணெய் வயல்காரர்கள், என்று பெயர். 1980-இல் மத்திய அரசு தேசிய எரிசக்தித் திட்டம் என்று கொண்டுவந்து எண்ணெய் வருமானத்தில் கை வைத்ததாக மேற்குக்காரர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை, தனியாகப் பிரிந்து போகலாம் என்று இங்கே அவ்வப்போது எழும் பேச்சுக்கு வேர் அதில்தான் பாதி இருக்கிறது. எண்ணெய்த் தொழில் படுத்துக் கிடந்த அதே 1980-களில் ஆயிலர்ஸ் 1984, 85, 87, 88 என்று நான்கு முறை ஸ்டான்லி கோப்பையை, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசை, தூக்கியது. வேலை போன ஊருக்கு வெய்ன் கிரெட்ஸ்கி என்ற பையன் சாமி மாதிரி.

அந்தச் சாமியை விற்றார்கள். 1988 ஜூலையில் எட்மண்டனில் கிரெட்ஸ்கிக்கு ராஜ கல்யாணம் மாதிரி நடந்தது. நாலு வாரம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 9 அன்று அணி முதலாளி பீட்டர் பாக்லிங்டன் அவரை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொடுத்துவிட்டார். ஒப்பந்தத்தில் ஆட்களோடு ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலர் ரொக்கமும் இருந்தது. நாடாளுமன்றத்தில் இடதுசாரிச் சாய்வுள்ள என்.டி.பி. கட்சி உறுப்பினர் நெல்சன் ரீஸ் அரசே தலையிட்டு இந்த வியாபாரத்தைத் தடுக்க வேண்டும் என்றார். ஊரில் பாக்லிங்டன் கொடும்பாவியை எரித்தார்கள். அவருடைய இறைச்சித் தொழிற்சாலையில் 1986-இல் ஆறு மாதம் கசப்பான வேலைநிறுத்தம் நடந்திருந்தது, ஆகவே கோபத்துக்கு விறகு ஏற்கெனவே அடுக்கிக் கிடந்தது. கிரெட்ஸ்கி இல்லாமலும் 1990-இல் ஒரு கோப்பை வந்தது. அத்தோடு சரி. அறுபது வயதுக்காரர்கள் 1988 ஆகஸ்டில் தாங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தோம் என்று இன்றும் சொல்வார்கள். 2025 அக்டோபரில் இப்போதைய நாயகன் கானர் மெக்டேவிட் ஒப்பந்தத்தை வெறும் இரண்டே ஆண்டுக்கு நீட்டித்தபோது ஆய்வுக்கூடத்தில் ஏன் எல்லோர் முகமும் வெளிறியது என்பது இந்தக் கதை தெரிந்தால்தான் புரியும்.

நான் முழுக்க விழுந்தது 2024 ஜூனில். இறுதிச் சுற்றில் ஃப்ளோரிடாவிடம் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, நான்கு தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான்காவதில் 8-1 என்று அடித்தார்கள். பிறகு 5-3, பிறகு 5-1. மூன்றுக்கு மூன்று. அந்த வாரம் எல்.ஆர்.டி. ரயில் முழுக்க ஆரஞ்சு சட்டை, என் ஆய்வு வழிகாட்டி கூட்டத்தை மத்தியானத்துக்கு மாற்றினார், யாரும் எதையும் எழுதவில்லை. ஜூன் 24, ஏழாவது ஆட்டம், 2-1, தோல்வி. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற அணியின் மெக்டேவிட்டுக்குக் கொடுக்கப்பட்டது. அவர் அதை வாங்க வெளியே வரவே இல்லை. அந்த வராமைக்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மறு வருஷம் அதே ஃப்ளோரிடா, ஆறு ஆட்டத்தில் முடிந்தது. 1993-இல் மான்ட்ரியால் வென்ற பிறகு 2025 வரை கனடிய அணி எதுவும் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. இது எட்மண்டனின் துக்கம் மட்டும் இல்லை.

2025 பிப்ரவரியில் ஹாக்கியும் அரசியலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டன. டிரம்ப் வரி போடுவேன், கனடாவை 51-ஆவது மாநிலம் ஆக்குவேன் என்று பேசிக்கொண்டிருந்த நேரம். நான்கு நாடுகள் தொடரில் மான்ட்ரியால் அரங்கில் அமெரிக்க கீதத்துக்குக் கூட்டம் ஊளையிட்டது, ஆட்டம் தொடங்கி ஒன்பது விநாடிக்குள் மூன்று கைச்சண்டை. பிப்ரவரி 20 அன்று பாஸ்டனில் இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது, மெக்டேவிட் அடித்தார், கனடா 3-2. அன்றைக்கு என் கட்டடத்தில் ஹாக்கியே பார்க்காத ஈரானிய நண்பர் கத்தியது தெருவுக்குக் கேட்டிருக்கும். அதே ஆட்டத்துக்குக் கனடாவின் கௌரவ கேப்டனாக வந்தவர் கிரெட்ஸ்கி. டிரம்ப்போடு நட்பாக இருக்கிறாரே என்று ஊரில் முணுமுணுப்பு. விற்றபோது அழுத அதே ஊர்!

அந்த வசந்தத்தில் நாட்டின் முழக்கம் 'முழங்கையைத் தூக்கு' என்பது. பழைய ஆட்டக்காரர் கோர்டி ஹோவ் எதிராளியை நெருங்கவிடாமல் முழங்கையால் காட்டிய பாணி அது. எட்மண்டனில் வளர்ந்து, ஹார்வர்டில் மாற்று கோல்கீப்பராக இருந்த மார்க் கார்னி பிரதமரான வாரமே இங்கே வந்து ஆயிலர்ஸோடு ஐஸில் இறங்கினார். ஏப்ரலில், தேர்தலுக்கு முந்தைய கட்சித் தலைவர்களின் பிரெஞ்சு விவாதத்தை, மான்ட்ரியால் அணியின் ஆட்டத்தோடு மோதுகிறது என்று இரண்டு மணி நேரம் முன்கூட்டியே வைத்தார்கள். சிரிக்காதீர்கள், இங்கே யாரும் சிரிக்கவில்லை.

உள்ளூர் அரசியலைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு போதும். 2023 மாகாணத் தேர்தலில் எட்மண்டனின் 20 தொகுதியும் என்.டி.பி.க்கு. ஆட்சி, 49-க்கு 38 என்று டேனியல் ஸ்மித்தின் வலதுசாரிக் கட்சியான யு.சி.பி.க்கு. பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்ட்ராத்கோனா, மத்தியத் தேர்தலிலும் 2008 முதல் என்.டி.பி. கையில். அதாவது வளாகத்துக்குள் நீங்கள் கேட்பது மாகாணத்தின் குரல் இல்லை. இது தெரியாமல் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் "எண்ணெய்க்குக் காலம் முடிந்துவிட்டது" என்று மேதாவித்தனமாகச் சொன்னேன். எதிரே இருந்த தொழில்நுட்ப உதவியாளர் பேசாமல் டப்பாவை மூடினார். அவர் அண்ணன் ஃபோர்ட் மெக்முரேயில் டிரக் ஓட்டுகிறார், அவர் வீட்டுக் கடன் அதில்தான் அடைகிறது. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். "நேற்று மேட்ச் பார்த்தாயா?" என்றார். அதற்கு அர்த்தம், விடு என்பது.

2025 அக்டோபரில் 51,000 பள்ளி ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று வாரத்தில் மாகாண அரசு, நீதிமன்றம் உரிமைச் சாசனத்தைக் காட்டித் தடுக்க முடியாதபடி ஒரு சிறப்புப் பிரிவைப் பயன்படுத்திச் சட்டம் போட்டு அவர்களைத் திருப்பி அனுப்பியது. நான் அதைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொண்டது செய்தித்தாளில் இல்லை. எங்கள் பேட்டையின் ஐஸ் திடலில், ஓர் ஆசிரியையிடம். எட்மண்டனில் ஒவ்வொரு பேட்டைக்கும் 'கம்யூனிட்டி லீக்' என்று ஒரு சங்கம் உண்டு, முதலாவது 1917-லேயே தொடங்கியது. டிசம்பரில் தன்னார்வலர்கள் ராத்திரியில் ஹோஸ் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டு விட்டு, அடுக்கடுக்காக உறையவைத்துத் திடல் போடுவார்கள். வெயில் காலத்தில் நம் ஊரில் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிப்பது போலத்தான், ஆனால் இங்கே தெளித்தது தங்கிவிடும். ஆயிலர்ஸ் டிக்கெட் நம் சம்பளத்துக்கு எட்டாது. பல்கலைக்கழக அணி கோல்டன் பேர்ஸ் ஆடும் கிளேர் டிரேக் அரங்கம் வளாகத்திலேயே இருக்கிறது, 2018 வரை 16 தேசியப் பட்டம் எடுத்த அணி, அங்கே போங்கள். ஆனால் பேட்டைத் திடலில்தான் பேச்சு வரும். விழுந்து எழுந்து மூச்சு வாங்கும் ஆளிடம் யாரும் தயங்காமல் பேசுவார்கள். எனக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தது ஏழு வயதுப் பெண் குழந்தை. "முதலில் விழக் கற்றுக்கொள், முட்டியை மடக்கு, பின்பக்கம் விழாதே" என்றாள்.

என்னிடம் பழைய ஸ்கேட்ஸ் ஒரு ஜோடி இருக்கிறது, ஒன்பதாம் நம்பர், வலது காலில் ஒரு கொக்கி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. கால் சேருமானால் வந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள்.